மேன் அவர்ஸ் (ஆள்மணி) கணக்கு: தலையை எண்ணறதா, ஷிப்டை எண்ணறதா?

கைமடி | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, பதினாலு வருசத்துக்கு முன்னால கைமடியாத்தான் (டெய்லருக்குக் கையாள்) உள்ள வந்தேன். அப்புறம் செக்கிங். இப்ப மஸ்டர் (வருகைப் பதிவேடு), ஈஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் என் தலையில.

சரக்கு வாங்கற பையர்கிட்ட இருந்து ஒரு படிவம் வந்திருக்கு. போன வருசம் மொத்தம் எத்தனை மணி நேரம் வேலை நடந்துச்சு, எத்தனை விபத்து, விகிதம் எவ்வளவுன்னு மூணு கட்டம். நான் போட்டது: ரோல்ல 142 பேர், நாளைக்கு 8 மணி, மாசம் 26 நாள், 12 மாசம். 142 × 8 × 26 × 12 = 3,54,432. மேனேஜர் பார்த்துட்டு சரின்னுட்டார். எனக்குத்தான் உறுத்துது. சம்பள நோட்டுல ஒரே ஒரு வாரத்து ஷிப்டைக் கூட்டிப் பார்த்தேன், இதோட ஒத்தே வரமாட்டேங்குது. எதை எடுக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.

ஊத்துக்குளி வெண்ணெய் | திங்கள், இரவு 9:52

142 பேரும் வருசம் பூரா ஒரு நாள் கூட மட்டம் போடாம வர்ற கம்பெனி திருப்பூர்ல இருக்குதுங்களா அக்கா? எங்கன்னு சொல்லுங்க, நானும் வந்து சேர்ந்துக்கறேன். தீபாவளி முடிஞ்சு பத்து நாளைக்கு எங்க லைன்ல மிஷின் இருக்கும், ஆளு இருக்காது.

வார்ப்படம் | திங்கள், இரவு 10:31

கோயம்புத்தூர்ல ஃபவுண்டரி சேஃப்டி ஆபீசர் நான். சகோதரி, இதுக்கு நம்ம நாட்டுத் தரமே ஒண்ணு இருக்கு. ஐஎஸ் 3786, 1983 பதிப்பு. அதுல சொல்லியிருக்கிறது ரொம்ப எளிமை. சம்பளப் பட்டியல் இல்லாட்டி டைம் கிளாக் பதிவை வெச்சு, நிஜமா வேலை நடந்த நேரத்தை ஓவர்டைம் சேர்த்து எடுக்கணும். அது முடியாத இடத்துல மட்டும் ஆள்நாட்களை ஒரு நாளோட மணி நேரத்தால பெருக்கலாம். ஆள்நாள்னா வருகை, ரோல்ல இருக்கிற பேர் இல்லை. ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்டுக்கும் நேரம் வேறன்னா தனித்தனியாப் போட்டுக் கூட்டணும். மதிப்பீடுதான் போட்டீங்கன்னா எந்த அடிப்படைன்னு எழுதி வெக்கணும்.

நீங்க போட்டது இதுல எதுலயுமே வராது. நோம்பி லீவு, உடம்புக்கு முடியாத நாள், ஞாயித்துக்கிழமை இதெல்லாம் சம்பளம் குடுத்தாலும் கணக்குல சேராது. வீட்ல இருக்கிறவனை மிஷின் கடிக்காது.

விகிதம்: வேலை நேரம் இழந்த விபத்துகளை 10,00,000-ஆல பெருக்கி மொத்த ஆள்மணியால வகுங்க. பத்து லட்சம் ஆள்மணிக்கு இத்தனை விபத்துன்னு அர்த்தம்.

பழைய டைம்கீப்பர் | செவ்வாய், காலை 5:48

அம்மிணி, காலைல எந்திரிச்சதும் இதைப் படிச்சேன். சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல முப்பத்தொரு வருசம் டைம் ஆபீஸ்ல இருந்தவன். மில்லு இப்ப இல்லை, அந்த இடத்துல அபார்ட்மெண்ட் நிக்குது.

எங்க காலத்துல பித்தளை டோக்கன். கேட்டுக்குள்ள வர்றப்ப ஆளு பலகையில இருந்து தன்னோட நம்பரை எடுத்து டப்பாவுல போடணும். ஷிப்ட் ஆரம்பிச்சு பத்து நிமிசத்துல பலகையில தொங்கிட்டு இருக்கிற டோக்கன் எல்லாம் ஆப்செண்ட். எனக்கு முன்னால இருந்த ஹெட் கிளார்க் சொல்லுவார், "ரிஜிஸ்தர்ல பேரு ஆயிரம் இருக்கும்டா, டப்பாவுல விழுந்ததை மட்டும் எண்ணு".

ஆனா அதுலயும் ரெண்டு சிக்கல் இருந்துச்சு. ஒண்ணு பதிலி. நிரந்தர ஆளு வராத இடத்துக்கு கேட்டுல நிக்கிற பதிலியை உள்ள விடுவோம். புது கிளார்க் பசங்க சில பேர் நிரந்தர ஆளு பேர்லயும் எழுதி பதிலி பேர்லயும் எழுதிடுவாங்க, எட்டு மணி பதினாறாயிரும். இன்னொண்ணு முழு நைட்டு. ராத்திரி 12 மணிக்கு உள்ள வர்றவனை எந்தத் தேதில எழுதறது? மாசக் கடைசியில இதுக்காகவே சண்டை வரும். நாங்க ஷிப்ட் ஆரம்பிக்கிற தேதின்னு முடிவு பண்ணி வெச்சிருந்தோம். எதுவா இருந்தாலும் ஒண்ணை வெச்சுக்கோங்க, வருசம் பூரா அதையே புடிச்சுக்கோங்க.

கைமடி | செவ்வாய், மதியம் 1:17

அய்யா, அண்ணா, ரொம்ப நன்றிங்க. சாப்பாட்டு நேரத்துல ஒரு வாரத்தை மட்டும் உக்காந்து போட்டுப் பார்த்தேன். ஆர்டர் நெருக்கடியான வாரம். தப்பிருந்தா சொல்லுங்க.

நம்மூர் ஷிப்ட் தெரியாதவங்களுக்கு: எங்க கம்பெனில காலைல 8:30-ல இருந்து 5:30, நடுவுல சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அது ஒரு ஷிப்ட், 8 மணி. டீ குடிச்சுட்டு 5:45-ல இருந்து 9:15 வரைக்கும் இருந்தா அரை ஷிப்ட், நாலு மணி நேரச் சம்பளம். அதாவது ஒண்ணரை.

என் பழைய முறைப்படி அந்த வாரம்: 142 × 6 × 8 = 6,816 மணி.

நோட்டுப்படி பகல் ஷிப்ட் வந்தது மொத்தம் 760. வர வேண்டியது 852, 92 மட்டம். அரை ஷிப்ட் 310. சம்பளக் கணக்குல 760 + 155 = 915 ஷிப்ட், எட்டால பெருக்கினா 7,320.

ஆனா அரை ஷிப்டுக்குச் சம்பளம் நாலு மணிக்கு, வேலை மூணரை மணிக்குத்தான். அதனால 760 × 8 = 6,080, 310 × 3.5 = 1,085, மொத்தம் 7,165.

இதுல பீஸ் ரேட் காண்ட்ராக்ட் டெய்லருங்க சேரல. அவங்க நம்ம ரோல்லயே இல்லை, காண்ட்ராக்டர் நோட்டு. கேட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். 22 பேர், அந்த வாரம் 118 ஆள்நாள், சராசரி பத்தரை மணி, 1,239 வருது. கேன்டீன் அக்கா ரெண்டு பேரு, ஆறு நாள், ஏழு மணி, 84. வாட்ச்மேன் மூணு பேர் மாத்தி மாத்தி வர்றாங்க, அவங்களை எப்படிப் போடறதுன்னு தெரியல.

வார்ப்படம் | செவ்வாய், மதியம் 1:40

வாட்ச்மேன்தான் சுலபம். ஆளை எண்ணாதீங்க, இடத்தை எண்ணுங்க. கேட்டுல எந்நேரமும் ஒருத்தர் இருக்கார்னா வாரத்துக்கு 24 × 7 = 168. யார் வந்தாலும், யார் டபுள் பார்த்தாலும் அதே 168.

மொத்தம் 7,165 + 1,239 + 84 + 168 = 8,656. நீங்க முதல்ல போட்ட 6,816-ஐ விட 1,840 மணி அதிகம், 27 சதவீதம். ஒரே வாரத்துல.

எஸ்.ஏ.எம். தம்பி | செவ்வாய், மாலை 6:05

நான் ஐ.ஈ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்), லைன் பிளானிங். மணி நேரத்தை நாங்க வேற பக்கத்துல இருந்து பார்ப்போம், அதையும் சொல்றேன்.

ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட் தைக்க ஸ்டாண்டர்ட் நேரம் 8 நிமிசம்னு வெச்சுக்கோங்க. 30,000 பீஸ் ஆர்டர்னா 2,40,000 நிமிசம், அதாவது 4,000 மணி. லைன் எஃபிசியன்சி நூறு சதவீதம்னா அது. எந்த லைனும் நூறுல ஓடாது. ஐம்பதுல ஓடினா 8,000 மணி வேணும். 25 பேர் லைன், நாளைக்கு 200 மணி, 40 நாள். இதை வெச்சு, ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பையருக்குத் தேதி குடுத்துருவார். நாளைக்கு மூணு பேர் வரலைன்னா 176 மணிதான், 40 நாள் 45 தாண்டிடும். அந்த அஞ்சு நாளை எங்க இருந்து எடுக்கறது? அரை ஷிப்ட்ல இருந்து.

இங்கதான் பிளானிங் தப்பு ஆரம்பிக்குது. மூணரை மணி நேரம் கூடுதலா இருந்தா மூணரை மணி நேரத்து பீஸ் வரும்னு எக்செல் சொல்லும். என் லைன்ல போன மாசம் மணிக்கு மணி எழுதி வெச்சேன். காலைல பத்து மணிக்கு 48 பீஸ் வர்ற ஆபரேசன்ல ராத்திரி எட்டு மணிக்கு 39. ஆல்டரேசன் (தப்பைப் பிரிச்சுத் திரும்பத் தைக்கறது) வேற தனி. ஒண்ணரை ஷிப்ட் சம்பளத்துக்கு ஒண்ணேகால் ஷிப்ட் சரக்கு கூட வரல.

பழைய டைம்கீப்பர் | செவ்வாய், மாலை 7:22

தம்பி சொன்னது எங்க மில்லுலயும் உண்டு, பேருதான் வேற. ஹெச்ஓகே-ம்போம். நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி செலவாச்சுங்கறது. சிட்ரா இதை வெச்சுத்தான் மில்லுகளை ஒப்பிடும். 1956-ல இருந்து கோயமுத்தூர்ல இருக்கிற ஆராய்ச்சி நிலையம். ஒரு ஷிப்ட்ல 62 பேர், 496 மணி, 2,400 கிலோ நூல்னா ஹெச்ஓகே 20.7.

அம்மிணி இதுல ஒண்ணு கவனிக்கணும். ஹெச்ஓகே போடறப்ப கேன்டீன், வாட்ச்மேனை எல்லாம் வெளிய எடுத்துருவோம், அவங்க நூல் எடுக்கறதில்லை. விபத்துக் கணக்குக்கு அவங்க உள்ள வரணும், அவங்களும் வழுக்கி விழுவாங்க. ஒரே நோட்டுல இருந்து ரெண்டு கூட்டல். ரெண்டையும் கலந்தா ரெண்டும் பொய்யாயிரும். எங்க மில்லுலயே ஒரு வருசம் மேனேஜ்மெண்ட் ஹெச்ஓகே-க்கு எடுத்த சின்ன நம்பரை விபத்து ரிப்போர்ட்ல போட்டு, விகிதம் ஏன் இவ்வளவு ஏறிருச்சுன்னு எங்களைப் புடிச்சு வாங்கினாங்க.

பல்லடம் ரோடு | செவ்வாய், இரவு 8:15

நான் சின்னதா ஒரு பவர் டேபிள் (தையல்) ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேன், 20 பேர். இந்த விகிதத்தால எனக்கு என்ன பிரயோஜனம்? போன வருசம் ஒரே ஒருத்தருக்கு ஊசி ஏறி ரெண்டு நாள் வரல. அவ்வளவுதான். எனக்கு ஆர்டர் குடுக்கற கம்பெனி ஆடிட்ல "உங்க ரேட் ரொம்ப அதிகம்"னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

வார்ப்படம் | செவ்வாய், இரவு 8:50

உங்க கோபம் நியாயம்ங்க. 20 பேர், ஆளுக்கு வருசம் 2,400 மணின்னா 48,000. ஒரு விபத்துக்கே விகிதம் 20.8 ஆயிரும். விபத்தில்லாத வருசம் பூஜ்யம். நடுவுல எதுவும் வராது. 20 பேர் யூனிட்டை இந்த நம்பரை வெச்சு மதிப்பிடறவங்களுக்குக் கணக்கு தெரியலைன்னு அர்த்தம். மூணு வருசத்தைச் சேர்த்துப் போட்டுக் காட்டுங்க. அதை விட, முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு நோட்டு வெச்சு பிளாஸ்டர் ஒட்டற ஒவ்வொரு தடவையும் நேரம், மிஷின் எழுதச் சொல்லுங்க. சின்ன யூனிட்டுக்கு அதுதான் நிஜமான தகவல்.

இன்னொண்ணு. சில பையர் படிவத்துல பத்து லட்சத்துக்குப் பதிலா 2,00,000 இருக்கும். அது அமெரிக்க முறை, நூறு பேர் வாரம் 40 மணி வீதம் வருசம் 50 வாரம் பார்க்கற வேலை. நம்பர் அஞ்சுல ஒரு பங்காத் தெரியும். பயந்துக்கவும் வேண்டாம், சந்தோசப்படவும் வேண்டாம்.

ஊத்துக்குளி வெண்ணெய் | செவ்வாய், இரவு 8:58

வாரம் 40 மணியா? ஒண்ணரை பார்த்தா எங்களுக்கு வியாழக்கிழமை மத்தியானமே வாரம் முடிஞ்சிரும். வெள்ளியும் சனியும் எந்த நாட்டுக் கணக்குங்க?

கைமடி | புதன், இரவு 10:12

52 வாரத்தையும் போட்டு முடிச்சுட்டேன். ரெண்டு ராத்திரி. மகளும் கால்குலேட்டரோட உக்காந்தா. மொத்தம் 4,31,000, நூறுக்குக் கீழ ரவுண்ட் பண்ணிட்டேன். மொதல்ல போட்டது 3,54,432.

மேனேஜர்கிட்டச் சொன்னேன். முகம் மலர்ந்திருச்சு. மணி நேரம் கூடினா விகிதம் குறையுமே! ரோல்ல ரெண்டு விபத்து, பழைய கணக்குல 5.64. புதுசுல 4.64. "இதையே அனுப்பு"ன்னுட்டார். எனக்கு இதுலயும் ஏதோ இடிக்குது. சொல்லுங்க.

வார்ப்படம் | புதன், இரவு 10:35

காண்ட்ராக்ட் டெய்லருங்க மணி நேரத்தைக் கீழ சேர்த்துட்டு, அவங்களுக்கு அடிபட்டதை மேல சேர்க்கல. அதுதான் இடிக்குது. பந்தியில உக்காந்தவங்களை எண்ணறப்ப விருந்துக்கு வந்த ஒறம்பரையையும் சேர்த்தா, இலையை எண்ணறப்பவும் சேர்த்துத்தான் ஆகணும். காண்ட்ராக்ட் ஆளுக்கு எதுவும் ஆகலைங்களா?

கைமடி | புதன், இரவு 10:41

ஒண்ணு. பண்டலைத் தூக்கிட்டு வர்றப்ப கதவு இரும்புல கை மாட்டி ஆறு நாள். காண்ட்ராக்டர் பார்த்துக்கிட்டார்.

வார்ப்படம் | புதன், இரவு 10:49

அப்ப மூணு. 3 × 10,00,000 ÷ 4,31,000 = 6.96. அதுதான் உங்க நம்பர். பையர் 2 லட்சம் கேட்டா 1.39.

தீவிர விகிதமும் போட்டுருங்க, பத்து லட்சம் ஆள்மணிக்கு எத்தனை நாள் போச்சுங்கறது. மூணு பேருக்கும் சேர்த்து எத்தனை நாள்? அடிபட்ட நாளையும் திரும்பி வந்த நாளையும் விட்டுட்டு, நடுவுல இருக்கிற ஞாயிறு, லீவு எல்லாத்தையும் எண்ணணும். காயம் லீவு எடுக்காது. உயிர் போயிருந்தா 6,000 நாள்னு அந்தத் தரம் எடுத்துக்கும்.

இந்த நம்பரை எப்படியெல்லாம் அழகுபடுத்துவாங்கன்னு பதினெட்டு வருசமாப் பார்த்துட்டு இருக்கேன். முன்னால இருந்த ஒரு ஃபவுண்டரியில உருக்கு தெறிச்சு ஒரு பையனுக்குப் பாதம் வெந்துருச்சு. மறுநாள் காலைல கார் அனுப்பி வீட்ல இருந்து கூட்டிட்டு வந்து, ஏசி ரூம்ல கட்டுப் போட்ட காலைச் சேர் மேல வெச்சு, கையில ஒரு ஃபைலைக் குடுத்தாங்க. "வேலைக்கு வந்துட்டான், வேலை நேரம் இழப்பில்லை." மார்ச் 4 பாதுகாப்பு நாளைக்கு கேட்டுல போர்டு வெச்சோம், இத்தனை லட்சம் மணி நேரம் விபத்தில்லாமன்னு. அந்தப் பையன் தாங்கித் தாங்கி நடந்து வந்து அந்த போர்டுக்குக் கீழ நின்னு கேசரி வாங்கிட்டுப் போனான். அதுக்கப்புறம் நான் அங்க அதிக நாள் இருக்கல.

கைமடி | புதன், இரவு 11:30

41 + 6 + 3. அம்பது நாள்.

41 நாள் கட்டிங் அண்ணன். அவரைப் பத்தித்தான் கேக்கணும்னு வந்தேன். கணக்குக் கேக்கற சாக்குல மூணு நாளா எழுதி எழுதி அழிச்சுட்டு இருக்கேன்.

அன்னைக்கு அரை ஷிப்ட். மணி எட்டு அம்பது இருக்கும். துணி வெட்டற பேண்ட் நைஃப் மிஷின்ல துணி அடுக்கைத் திருப்பறப்ப இடது கை ஆள்காட்டி விரல். நான் ஆபீஸ்ல இருந்து ஓடினேன். டேபிள் மேல வெள்ளைத் துணி, அதனால ரத்தம் எவ்வளவுன்னு தெளிவாத் தெரிஞ்சுது. கம்பி க்ளவுஸ் பக்கத்துச் சுவத்துல ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. அவர் ஒண்ணுமே பேசல, "மார்க்கர் மேல பட்டுருச்சு அம்மிணி, மாத்திருங்க"ன்னார். மார்க்கர்னா துணி அடுக்கு மேல விரிக்கிற, வெட்டற அளவு வரைஞ்ச காகிதம்.

மறுநாள் ஈஎஸ்ஐ ரிப்போர்ட் போடணும். விபத்து நேரம்னு ஒரு கட்டம். ஆடிட்டுக்குக் காட்டற எங்க மஸ்டர்ல எல்லாரும் 5:30-க்கு வெளிய போயிடறாங்க. அரை ஷிப்ட் சம்பள நோட்டுல மட்டும்தான். மேனேஜர் 4:50-ன்னு போடச் சொன்னார். போட்டேன்.

இப்ப இந்த 4,31,000-ஐ எழுதினா, அதுக்குள்ள அந்த அரை ஷிப்ட் மணி நேரம் எல்லாம் வந்துருது. 3,54,432-ஐ எழுதினா அந்த நேரமே இல்லை. இல்லாத நேரத்துல அவருக்கு விரல் போச்சு.

செங்கொடி 48 | வியாழன், காலை 7:10

தோழருக்கு வணக்கம். படிச்சதும் கை நடுங்கிருச்சு.

ஏன் ரெண்டு நோட்டுன்னு வெளிப்படையாப் பேசிருவோம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல வாரம் 48 மணி, அதுக்கு மேல போனா ரெட்டைச் சம்பளம்னு இருந்துச்சு. ஓவர்டைம் சேர்ந்து வாரம் 60 தாண்டக் கூடாது, மூணு மாசத்துக்கு ஓவர்டைம் 50 மணி, விலக்கு வாங்கினா 75-ன்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 21-ல நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தாச்சு. அதுலயும் ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம்தான், மாறல.

தோழர் போட்ட வாரத்தை எடுங்க. 310 அரை ஷிப்ட் ஒரு 85 பேர் பார்த்திருப்பாங்கன்னு வெச்சா ஆளுக்கு 12.8 மணி. 48-ஓட சேர்த்தா 60 தாண்டிருச்சு. அதே வேகத்துல 13 வாரம் போனா 166 மணி. அரை ஷிப்டுக்குக் குடுக்கறதோ ஒத்தைச் சம்பளம். உண்மையான மணி நேரத்தை எழுதினா இது எல்லாம் வெளிய வரும். அதனாலதான் தலையை எட்டால பெருக்கற கணக்கு எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடற மசோதா நம்ம சட்டமன்றத்துலயே நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி மே மாசம் திரும்ப வாங்கினாங்க. இங்க அது மசோதா இல்லாமலே நடந்துட்டு இருக்கு.

பல்லடம் ரோடு | வியாழன், காலை 9:05

தோழரே, ஒரு பக்கத்தை மட்டும் எழுதாதீங்க. அரை ஷிப்ட் இல்லைன்னு சொன்னா மறு வாரமே டெய்லர் பக்கத்து கம்பெனிக்குப் போயிருவான். "அங்க ஒண்ணரை இருக்குதுண்ணா"ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போறான். வாடகை, வட்டி, ஊருக்கு அனுப்பற பணம், எல்லாம் அந்த அரையிலதான் நிக்குது. பையர் பீஸுக்குக் குடுக்கற விலையில ரெட்டைச் சம்பளம் எங்க இருந்து வரும்? கட்டிங் அண்ணனுக்கு நடந்தது கொடுமைதான், மறுக்கல.

செங்கொடி 48 | வியாழன், காலை 9:31

எட்டு மணி நேரச் சம்பளத்துல குடும்பம் நடந்தா அவன் ஏன் அரையைத் தேடிப் போறான்? சரி, இதை இங்க இழுக்க வேண்டாம், அந்தத் தோழர் கேட்டதுக்குப் பதில் வரட்டும்.

வார்ப்படம் | வியாழன், காலை 10:20

சகோதரி, ஒரு விஷயம் உங்க மேனேஜருக்குத் தெரியலை போல. அரை ஷிப்ட்ல அடிபட்டாலும் அது வேலையில ஏற்பட்ட காயம்தான், ஈஎஸ்ஐ மறுக்காது. 4:50-ன்னு மாத்தினதுல அந்த அண்ணனுக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டம் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஈஎஸ்ஐ தினச் சராசரிச் சம்பளத்துல சுமார் 90 சதவீதம் குடுக்கும். எந்தச் சம்பளம்? பதிவுல இருக்கிற சம்பளம். அவர் கையில வாங்கற அரை ஷிப்ட் காசு பதிவுல இல்லாததால அதுக்குச் சந்தாவும் இல்லை, பயனும் இல்லை. 41 நாளும் அவர் பகல் ஷிப்ட் கணக்குலதான் வாங்கியிருப்பார்.

நீங்க எழுதின நேரத்தைத் திருத்தறதுக்கு முதல்ல ஆதாரம் வேணும். கேட்டு நோட்டுல அன்னைக்கு வண்டி போன நேரம் இருக்கும், பாருங்க.

கைமடி | வியாழன், மதியம் 1:05

இருக்குதுங்க. வாட்ச்மேன் தாத்தா கோணல் எழுத்துல எழுதி வெச்சிருக்கார். "ஆட்டோ. கட்டிங். 9.05."

பழைய டைம்கீப்பர் | வியாழன், மதியம் 2:30

வாட்ச்மேன் நோட்டைத்தான் நான் எப்பவும் நம்புவேன். அவனுக்கு ஹெச்ஓகே-யும் தெரியாது, விகிதமும் தெரியாது.

அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வெச்சுக்கோ கண்ணு. அதோட முதலுதவி நோட்டு இருக்குதான்னு பாரு. இருந்தா பகல் எத்தனை, சாயங்காலத்துக்கு மேல எத்தனைன்னு பிரி. மூணு விபத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, சின்ன நம்பர். முதலுதவி நோட்டுல நிறைய இருக்கும். மொதலாளிகிட்டப் பேசறப்ப விரலைப் பத்தி மட்டும் பேசினா அது உன் கண்ணீர்னு நினைப்பாங்க. அதுக்குக் கீழ மணி நேரத்தை எழுதிக் குடு.

கைமடி | வெள்ளி, காலை 6:15

இருந்துச்சுங்கய்யா. வருசத்துக்கு 58 எழுத்து. ஊசி ஏறினது, கத்தரி பட்டது, அயர்ன் பாக்ஸ் சுட்டதுன்னு. 5:30-க்கு மேல 19.

வாட்ச்மேன் மணி நேரத்தைக் கழிச்சுட்டேன், அது ராத்திரி பூரா ஓடறதால கணக்கைக் கெடுக்குது. மிச்சம் 4,22,300. அதுல அரை ஷிப்ட் மணி நேரம் 62,000, காண்ட்ராக்ட் ஆளுங்களையும் சேர்த்து. பகல் 3,60,300.

பகல்ல 39 காயம், பத்தாயிரம் மணி நேரத்துக்கு ஒண்ணு சொச்சம். சாயங்காலம் 19 காயம், பத்தாயிரத்துக்கு மூணு சொச்சம்.

மூணு தடவை போட்டுப் பார்த்தேன்.

எஸ்.ஏ.எம். தம்பி | வெள்ளி, காலை 8:02

அக்கா, சாயங்காலம் எந்த டிபார்ட்மெண்ட் இருக்காங்கன்னும் பாருங்க. பேக்கிங் போயிட்டு கட்டிங்கும் அயர்னிங்கும் மட்டும் இருந்தா ஆபத்தான வேலை தானாகவே பங்கு கூடித் தெரியும். களைப்பு மட்டுமே காரணம்னு சொல்லிற முடியாது.

கைமடி | வெள்ளி, காலை 8:20

சரிதான் தம்பி. டெய்லர் லைனை மட்டும் தனியாப் பார்த்தேன், அங்கயும் ரெண்டு மடங்குக்கு மேல வருது. அதையும் கீழ எழுதிட்டேன்.

கைமடி | செவ்வாய், இரவு 9:55

என்னாச்சுன்னு நிறையப் பேர் கேட்டீங்க.

வெள்ளிக்கிழமை மேனேஜரைத் தாண்டி மொதலாளிகிட்டயே ஒரு தாளைக் குடுத்தேன். ஒரு பக்கம் 4,31,000, மூணு விபத்து, 6.96, அம்பது நாள், தீவிர விகிதம் 116. இன்னொரு பக்கம் பகலும் சாயங்காலமும். ஓரத்துல ஆட்டோ 9:05.

ரொம்ப நேரம் பார்த்தார். "இது பையருக்குப் போகுதா?"ன்னார். "முதல்ல உங்களுக்குங்க"ன்னேன். தாளை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். பையர் படிவம் ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கு, எந்த நம்பர் போகும்னு எனக்கு இன்னும் சொல்லல. ஈஎஸ்ஐ ரிப்போர்ட்டைத் திருத்தறதுக்கு வக்கீலைக் கேக்கறாங்களாம்.

நேத்துல இருந்து கட்டிங் டேபிளுக்கு மட்டும் அரை ஷிப்ட் இல்லை. கட்டிங் ஆளுங்களுக்கு அந்தக் காசு போச்சுன்னு கோபம், ஒருத்தர் என்கிட்டப் பேசறதில்லை. அதுக்கு ஈடு பேசிட்டு இருக்காங்க. டெய்லர் லைன் 9:15 வரைக்கும் ஓடிட்டுத்தான் இருக்கு, இன்னைக்கும்.

பல்லடம் ரோடு | செவ்வாய், இரவு 10:08

அம்மிணி, முதலுதவி நோட்டு ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். ஒரு வாரத்துல மூணு எழுத்து. ஒண்ணு என்னோடதே.

பழைய டைம்கீப்பர் | புதன், காலை 5:50

கண்ணு, ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. அந்தக் கம்பி க்ளவுஸ் ஏன் ஆணியில தொங்குச்சு?

கைமடி | புதன், மதியம் 1:12

நானும் அவரையேதான் கேட்டேங்கய்யா. சைஸ் பெருசாம், விரல் நுனியில மடங்கி துணியோட மாட்டுதாம். வாங்கி வெச்சதே ஒரே சைஸ்தான். சின்ன சைஸ் ரெண்டு ஜோடி சொல்லியிருக்கு, இன்னும் வரல.